குதிரைகள் வந்து நிற்கும் சுவர்

குஜராத்தின் கிழக்கு ஓரத்தில், மத்தியப் பிரதேச எல்லையை ஒட்டி இருக்கிறது சோட்டா உதேப்பூர். 2013-இல் வடோதரா மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஓர்சங் ஆறு, சின்னச் சின்னக் குன்றுகள், பனையும் இலுப்பையும் நிற்கும் மேட்டுக்காடு, மக்காச்சோள வயல்கள். அங்கே வாழும் ராத்வா மக்களின் பெரிய தெய்வம் பாபா பித்தோரா. அவருக்குக் கோயில் கிடையாது, சிலை கிடையாது. வேண்டிக்கொண்டவர் வீட்டுச் சுவரில் அவரைச் சித்திரமாக எழுதுகிறார்கள். செவ்வாய்க்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடிப்பது வழக்கம். அதன்பிறகு அந்த வீட்டில் அந்தச் சுவர்தான் சந்நிதி.

இதை எழுதுபவருக்குச் சடங்குச் சித்திரங்களைப் பதிவுசெய்வது தொழில். படம் எடுப்பார், ஒலி பிடிப்பார், அளவெடுப்பார், உருவம் உருவமாகப் பெயர் கேட்டுக் குறிப்பார். வேலை கொடுப்பவை அருங்காட்சியகங்களும் ஆய்வு நிறுவனங்களும். பழைய அரண்மனைச் சுவரோ தேவாலயக் கூரையோ என்றால் அவசரம் இல்லை. அது நூறாண்டாக அங்கேயே இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். சடங்குச் சித்திரம் அப்படிக் காத்திருக்காது. அது எழுதப்படுகிற இரண்டு நாளும் விழித்திருந்து பார்க்காதவருக்குக் கிடைப்பது வண்ணம் பூசிய ஒரு சுவர் மட்டும்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இவர் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லாம் தொடங்குவது ஒரு கஷ்டத்தில். வீட்டில் ஒருவருக்கு நோய் தீரவில்லை. மாடு செத்துப்போனது. விளைச்சல் பொய்த்தது. பிள்ளை இல்லை. வீட்டுத் தலைவர் பட்வோவிடம் போகிறார். பட்வோ என்பவர் பூசாரி, குறி சொல்பவர், அருள் வந்து ஆடுபவர், எல்லாம் ஒருவரே. தானியத்தைக் கையில் வைத்துப் பார்த்து, பித்தோரா கேட்கிறார் என்று அவர் சொன்னால், கஷ்டம் தீர்ந்ததும் சுவரில் எழுதிவைக்கிறேன் என்று வீட்டுக்காரர் நேர்ந்துகொள்கிறார். நேர்ந்தது உடனே நடந்துவிடாது. ஆடுகள் வேண்டும், தானியம் வேண்டும், சாராயம் வேண்டும், சித்திரக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும், உறவுக்கும் ஊருக்கும் சோறு போட வேண்டும். பணம் சேரும்வரை நேர்த்திக்கடன் வருடக்கணக்கில் நிலுவையில் நிற்பதும் உண்டு.

ஆகவே ஒரு பித்தோராவைப் பதிவு செய்யும்போது, ஏட்டின் முதல் வரியில் வண்ணத்தையோ அளவையோ எழுதக்கூடாது. யார் நேர்ந்துகொண்டார், எதற்காக, எந்த ஆண்டில் நேர்ந்தது எந்த ஆண்டில் நிறைவேறியது என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். சொல்ல விருப்பமில்லாத வீடுகள் உண்டு. அங்கே அந்த வரி காலியாகவே இருக்கட்டும்.

எந்தச் சுவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ராத்வா வீட்டின் முன்புறம் ஓசரி என்கிற திண்ணைக்கூடம். அதற்கும் உள்ளே அடுப்பு இருக்கும் பகுதிக்கும் இடையில் நிற்கிற சுவர்தான் பித்தோராவுக்கு உரியது. பக்கச் சுவர்களில் சிறு தெய்வங்களும் முன்னோர்களும் இடம்பெறலாம். சுவரைத் தயார்செய்வது மணமாகாத பெண்பிள்ளைகளின் பொறுப்பு. மண்ணையும் சாணத்தையும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை மண்ணைக் கரைத்துப் பூசுகிறார்கள். ஏற்கெனவே அங்கே ஒரு பழைய பித்தோரா இருந்தால் அதன்மேலேயே பூச்சு ஏறுகிறது. சில வீடுகளில் சுவரின் உடைந்த விளிம்பைப் பார்த்தால் பூச்சுக்குள் பூச்சாக, ஒவ்வொன்றிலும் பழைய நிறத்தின் கீற்று தெரியும். பாட்டன் நேர்ந்தது, அப்பன் நேர்ந்தது எல்லாம் அந்தச் சுவருக்குள் இருக்கிறது. பழைய ஓவியத்தைக் காப்பாற்ற வேண்டாமா என்று நகரத்திலிருந்து வருபவர்கள் பதறுவார்கள். வீட்டாருக்கு அந்தப் பதற்றம் இல்லை. பழைய கடன் தீர்ந்துவிட்டது, இது புதுக் கடன்.

எழுதுபவர் லக்காரா. தலைமை லக்காரா ஒருவர், அவரோடு சிலர், எல்லாரும் ஆண்கள். ராத்வாக்கள் மட்டுமின்றி நாயகா, பிலாலா வீடுகளிலும் பித்தோரா எழுதும் வழக்கம் உண்டு. கடையில் வாங்கிய வண்ணப்பொடியைப் பாலும் இலுப்பைப்பூச் சாராயமும் விட்டுக் குழைக்கிறார்கள். மூங்கில் குச்சி அல்லது புரசங்குச்சியின் நுனியை நசுக்கி நாராக்கினால் தூரிகை. குதிரையின் வெளிக்கோட்டுக்கு வெட்டிய அச்சு வைத்திருக்கும் லக்காராக்களும் இருக்கிறார்கள். அச்சைச் சுவரில் வைத்துக் கோடு இழுத்துவிட்டு, கழுத்து, பிடரி, சேணம் என்று கைப்பழக்கத்தில் நிரப்புவார்கள். அச்சு வைத்து வரைந்தால் கலை ஆகுமா என்று கேட்பவர்கள் ஒரே அச்சில் பிறந்த இரண்டு குதிரைகளைப் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பார்க்க வேண்டும். ஒன்றின் சேணத்தில் கட்டம் கட்டமாக இருக்கும், மற்றொன்றில் புள்ளிகள் மொய்க்கும். யார் கை என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

முதலில் பாபா கணேஹ். பெயரைக் கேட்டதும் யானை முகத்தைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். இவருக்குத் தும்பிக்கை இல்லை. மனித உருவம்தான், புகைகுடிக்க ஹூக்கா உண்டு. இவரை எழுதாமல் வேறு எதையும் தொடமாட்டார்கள். அப்புறம் சுவரை வளைத்து ஒரு பெரிய செவ்வகம், அதன் கரையில் முக்கோணங்களும் கோலங்களும். கீழ்க்கரையின் நடுவே மட்டும் ஒரு திறப்பு விடுகிறார்கள். அது வாசல். இரு பக்கமும் புலிகள் காவல்.

உள்ளே குதிரைகள். வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, சுவரே நகர்வதுபோல் குதிரைகள். பித்தோரா, அவர் மணக்கும் பித்தோரி, ராணி காஜல், இந்திராஜா என்று தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் ஆளுக்கொரு குதிரை. முன்னோர்களுக்கென்று தனியே ஐந்து குதிரைகள். யானைமேல் போஜராஜா வருகிறார். மேலே சூரியன், சந்திரன். பன்னிரண்டு தலை கொண்டவர் ஒருவர், ஒற்றைக்காலர் ஒருவர், முறம்போல் காதுடையவர் ஒருவர். ஏர் உழும் குடியானவர், கிணறு, தயிர் கடையும் பெண்கள், பனையேறிக் கள் இறக்குபவர், வேட்டைக்காரர், தேள், பாம்பு, குரங்கு, ஒட்டகம். கூடிக் களிக்கும் ஓர் ஆணும் பெண்ணும். அவர்கள் இல்லாமல் உலகம் ஏது? அதனால் அவர்களையும் யாரும் ஒளித்துவைப்பதில்லை. பிற்காலத்தில் ரயிலும் விமானமும் துப்பாக்கியும் கடிகாரமும்கூட ஏறிக்கொண்டன. இதைப் பார்த்துக் கலை கெட்டுவிட்டது என்று வருந்துபவர்களோடு இதை எழுதுபவருக்கு உடன்பாடில்லை. உலகத்தில் இருப்பதெல்லாம் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்பதுதான் அந்தச் சுவரின் கணக்கு. ரயில் வந்த பிறகு ரயிலை மட்டும் வெளியே நிறுத்துவது எப்படி?

கல்யாணம் என்று சொன்னது பித்தோராவின் கல்யாணம். கதையை ஊருக்கு ஊர் வேறு விதமாகச் சொல்வார்கள், எலும்புக்கூடு ஒன்றுதான். இந்திராஜாவின் சகோதரி காளி கோயல் திருமணமாகாமல் கருவுறுகிறாள். பிறந்த குழந்தையை ஆற்றில் விடுகிறாள். ராணி காஜல் அதைக் கண்டெடுத்து வளர்க்கிறாள். வளர்ந்த பிள்ளை ஒருநாள் சபையில் தன் தகப்பன் யார் என்று கேட்கிறான். ஒளித்துவைத்த பிறப்பு ஊரறிய ஒப்புக்கொள்ளப்படுகிறது. பித்தோராவுக்குப் பித்தோரியை மணமுடிக்கிறார்கள். சுவரில் போகும் குதிரைகள் அந்த ஊர்வலம். நோயிலும் இழப்பிலும் நைந்த ஒரு குடும்பம், புறந்தள்ளப்பட்டுப் பிறகு பெருமையோடு ஏற்கப்பட்ட ஒரு பிள்ளையைத் தன் வீட்டுச் சுவருக்கு வரவழைக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் குதிரைகளின் நடையே வேறாகத் தெரியும்.

லக்காராக்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிவிடலாம் என்றுதான் எந்தப் பதிவாளரும் நினைப்பார். ஒரு வீட்டில் வயதான தலைமை லக்காரா இதை எழுதுபவரைத் தடுத்துச் சொன்னார்: “படம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள், பென். பெயரை நான் சொல்லக்கூடாது. ராத்திரி பட்வோ சொல்லட்டும், அப்போது எழுதிக்கொள்ளுங்கள்.” அந்தப் பக்கத்தில் பென் என்றால் அக்கா, தங்கை எல்லாம்தான்.

இரவுதான் உச்சம். எழுதி முடித்த சுவரின்முன் பட்வோவும் துணைக்கு வந்தவர்களும் உட்காருகிறார்கள். மேளமும் குழலும் ஒலிக்கின்றன. பாட்டும் கதையுமாக நேரம் ஏறுகிறது. அருள் வந்த பட்வோ கையில் வாளோடு எழுந்து சுவரிடம் போகிறார். ஒவ்வொரு உருவத்தையும் வாள்முனையால் சுட்டி, இது இன்னார், இது இன்னாருடைய குதிரை என்று உரக்கப் பெயர் சொல்கிறார். சுவர் முழுவதையும் இப்படிச் சரிபார்க்கிறார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதையும் சொல்வார். லக்காரா உடனே தூரிகையை எடுத்து அந்த இடத்தில் எழுதிச் சேர்ப்பார். எல்லாம் சரி என்றான பிறகே பித்தோரா வந்துவிட்டதாக அர்த்தம். ஆடு பலி, விருந்து, ஆட்டம் எல்லாம் உண்டு.

இந்தச் சரிபார்ப்பைத்தான் பெரும்பாலான படப்புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. சுவரின் வண்ணம் பளபளவென்று அச்சாகிறது. அதை வாசித்த குரல் காணாமல் போகிறது. பட்வோ பெயர் சொல்லாத பித்தோரா, ராத்வாக்களின் கண்ணில், இன்னும் முடியாத வேலை. அதைப் படமெடுத்துப் போடுவது தாலி கட்டும் முன்பே கல்யாணம் முடிந்தது என்று எழுதுவதற்குச் சமம். தொழில் செய்பவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது இதை எழுதுபவரின் எண்ணம்.

ஓசரியில் படம் எடுப்பதும் சுலபம் இல்லை. கூரை தாழ்வு. சுவருக்கும் எதிர்ப்பக்கத் தூண்களுக்கும் நடுவே இடம் குறைவு. முழுச் சுவரையும் ஒரே படத்தில் அடக்கப் பின்னால் போனால் தூண் மறைக்கும், முன்னால் வந்தால் சுவர் வளையும். அதனால் சுவரோடு இணையாக நகர்ந்து, ஒன்றின் ஓரம் அடுத்ததில் விழும்படி துண்டு துண்டாக எடுத்துப் பிறகு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் வண்ண அட்டையும் அளவுகோலும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் காவி எது, ஆரஞ்சு எது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. லக்காராக்கள் வைக்கும் வெள்ளிப்பொடி, ஃபிளாஷ் மின்னினால் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாமல் ஆகிவிடும். பகலில் வாசல் வழியே சாய்ந்து வரும் வெளிச்சமே போதும். இரவில் படத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடிப்பதுதான் புத்தி. பட்வோவின் குரல் சுவரை நோக்கிப் போகும், ஒலிவாங்கியை நோக்கி வராது. ஆகவே சுவருக்கு அருகிலேயே, யார் காலிலும் படாத ஓரத்தில், முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும்.

பிறகு வருகிற வேலை மெதுவானது. சுவரின் கோட்டுப்படம் ஒன்றைத் தாளில் போட்டு, ஒவ்வொரு உருவத்துக்கும் எண் கொடுத்து, இரவின் ஒலிப்பதிவைக் கேட்டபடி பெயர்களை நிரப்ப வேண்டும். லக்காராவிடம் தனியாக, பட்வோவிடம் தனியாக, வீட்டுப் பெரியவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒரே உருவத்துக்கு மூன்று பெயர் சொல்வது சாதாரணம். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது பதிவாளரின் வேலை இல்லை. மூன்றையும், சொன்னவர் யார் என்பதோடு எழுதிவைக்க வேண்டும். கடைசியாக, எடுத்த படங்களை நல்ல தாளில் அச்சிட்டு அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாசம் கடந்தாலும் பரவாயில்லை, கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் போனவர்களைப் பற்றி அந்த ஊர்களில் நல்லபடியாக யாரும் பேசி இதை எழுதுபவர் கேட்டதில்லை.

இந்த வழியைப் போட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஓவியர் ஹக்கு ஷா (1934–2019) அகமதாபாத் குஜராத் வித்யாபீடத்தில் பழங்குடி அருங்காட்சியகத்தை உருவாக்கியவர். 1968-இல் ஃபிலடெல்ஃபியாவில் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ்ஷோடு சேர்ந்து நடத்திய கண்காட்சியில் ஊர்ப்புறச் சடங்குக் கலைகளை உலகத்துக்குக் காட்டினார். கலை வரலாற்றாளர் ஜோதீந்திர ஜெயின் பித்தோராவைப் பற்றி எழுதிய நூலை லலித் கலா அகாதெமி 1984-இல் வெளியிட்டது. உருவங்களோடு கதையையும் சடங்கையும் சேர்த்து எழுதியதால்தான் இன்றும் இந்தத் துறைக்கு வருபவர்கள் அதிலிருந்து தொடங்குகிறார்கள். சோட்டா உதேப்பூர் பக்கத்துத் தேஜ்கட்டில் எழுத்தாளர் கணேஷ் தேவி தொடங்கிய ஆதிவாசி அகாதெமியும் அங்குள்ள அருங்காட்சியகமும், பொருளை அது பிறந்த மண்ணிலேயே வைத்துப் பேசலாம் என்று காட்டின. அங்கே போய்ப் பார்க்கிறவர்களில் ராத்வா பிள்ளைகள் இருக்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

ஒடிசாவின் சவரா மக்களிடமும் பித்தோரா போன்ற ஒன்று இருந்ததை மானிடவியலாளர் வெரியர் எல்வின் பதிவுசெய்திருக்கிறார். 1951-இல் வந்த அவருடைய நடு இந்தியப் பழங்குடிக் கலை நூலிலும், 1955-இல் வந்த சவரா சமய நூலிலும் அந்தச் சுவர்ச் சித்திரங்கள் வருகின்றன. இறந்தவருக்கோ, நோய் கொடுக்கும் ஆவிக்கோ சுவரில் ஒரு வீடு எழுதுவார்கள். எழுதிய பிறகு அந்த ஆவியை அழைத்து, வந்து பார், பிடித்திருக்கிறதா சொல் என்று கேட்பார்கள். குறை சொன்னால் திருத்துவார்கள். பித்தோராவில் வாளோடு சுட்டிக்காட்டும் பட்வோ, அங்கே குறைகேட்கும் பூசாரி. இரண்டு இடத்திலும் சித்திரத்துக்கு முதல் பார்வையாளர் நாம் இல்லை. யாருக்காக எழுதினார்களோ அவர் பார்த்து ஒப்புக்கொள்கிறார். நாம் பிற்பாடு, அனுமதி பெற்று வருகிறோம்.

இப்போது துணியிலும் காகிதத்திலும் பித்தோரா கிடைக்கிறது. புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. பித்தோரா கலைக்காகப் பரேஷ் ராத்வாவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லைக்கு அப்பால், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துப் பில் மக்களிடமும் பித்தோரா உண்டு. அந்தப் பக்கத்துப் பிட்டோல் ஊரிலிருந்து போபாலுக்குக் கட்டட வேலைக்குப் போன பூரி பாயை, அங்குள்ள பாரத் பவன் கலை மையத்தில் ஜே. சுவாமிநாதன் ஓவியராக அடையாளம் கண்டார்; 2021-இல் பூரி பாய்க்கும் பத்மஸ்ரீ. சடங்குப் பித்தோராவின் குதிரையை எழுத அவர் ஊரில் பெண்களுக்கு உரிமை இல்லை. காகிதமும் கேன்வாஸும்தான் அவருக்கு வழிவிட்டன. ஆகவே துணிக்கு மாறியதே குற்றம் என்று பேசுவதை இதை எழுதுபவர் ஏற்கமாட்டார். லக்காரா குடும்பத்துக்கு அதில் வருமானம் இருக்கிறது. பெண்களுக்கு அதில் இடம் இருக்கிறது.

ஆனால் இரண்டும் ஒன்று என்று எழுதி விற்பது தவறு. ஒரு கண்காட்சியில், துணிச் சித்திரம் ஒன்றின் கீழே பழங்குடியினரின் புனிதச் சடங்கு ஓவியம், கலைஞர் பெயர் தெரியவில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். துணியின் மூலையிலேயே வரைந்தவர் கையெழுத்து இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. சந்தைக்கு வரும் துணியில் யாருடைய நேர்த்தியும் இல்லை, பட்வோ பெயர் சொல்லவில்லை, ஆடு வெட்டவில்லை. அது ஒரு ஓவியரின் நல்ல படைப்பு. ஓவியரின் பெயரோடும் ஊரோடும் விற்கப்பட வேண்டியது. சுவரில் இருப்பது ஒரு வீட்டின் தெய்வம். அதை விற்கவே முடியாது. விலைச்சீட்டில் இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

சுவர்களும் மாறுகின்றன. மண்சுவர் போய்ச் செங்கல்லும் சிமெண்டும் வந்துவிட்ட வீடுகள் பெருகுகின்றன. சாணமும் வெள்ளைமண்ணும் அங்கே முன்போல் பிடிப்பதில்லை. ஆடும் சாராயமும் வேண்டாம் என்று பகத் என்னும் பக்தி வழிக்குப் போன குடும்பங்கள் பித்தோரா வைப்பதையும் நிறுத்திக்கொண்டன. அது அவர்கள் முடிவு. வெளியிலிருந்து போகிற யாரும் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது. இன்னொரு பக்கம், சிமெண்ட் சுவரிலும் விடாமல் எழுதிக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. இளம் லக்காராக்கள் வருகிறார்கள். இரவு முழுக்கக் கதையைப் பாடத் தெரிந்த பட்வோக்கள் அந்த அளவுக்கு வருகிறார்களா என்பதுதான் இதை எழுதுபவரின் கவலை. படம் எடுக்கக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. பாட்டை முழுசாக ஒலிப்பதிவுசெய்து, எழுத்தில் இறக்கி, ராத்வி மொழியிலேயே வைத்திருக்கக் காசு கேட்டால் நிறுவனங்கள் தயங்குகின்றன. செலவழிப்பதானால் முதலில் அந்தப் பாட்டுக்குச் செலவழிக்க வேண்டும்.

உங்களில் யாராவது கைவினைச் சந்தையில் பித்தோரா துணி வாங்கினால், விற்பவரிடம் வரைந்தவரின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். கேட்டதைத் துணியின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். சோட்டா உதேப்பூர்ப் பக்கம் போய் ஒரு ராத்வா வீட்டு ஓசரியில் நிற்க நேர்ந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பெரியவர் சொல்லும்வரை கைப்பேசியைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள். எந்தக் கஷ்டம் தீர்ந்து அந்தச் சுவர் எழுதப்பட்டது என்று, சொல்ல விரும்பினால், அவரே சொல்வார். படத்தைப் பிறகு எடுக்கலாம்.